மூணு தட்டு

ஈரத் துணியைத் தூக்கிப் பார்த்தால்தான் பனியனின் கனம் தெரியும். கடையில் விரலால் தடவி, பஞ்சு மாதிரி இருக்கு என்பார்கள். சாயத்திலிருந்து எடுக்கும்போது அது செத்த மாடு கனம் கனக்கும். மண்ணரையில், நொய்யல் ஆற்றோரம் இருக்கிற எங்கள் சாயப்பட்டறையில், விடிஞ்சும் விடியாமலும் முதல் வேலை அதுதான். நானும் இன்னும் சில பொம்பளைகளும் துணியை மிஷினிலிருந்து இழுத்து இழுத்துத் தள்ளுவண்டியில் போடுவோம். சேலைக்கு மேல் மாட்டியிருக்கிற ஆம்பளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டும். அன்றைக்கு என்ன சாயமோ அதுதான் எங்கள் கையின் நிறம். கறுப்பு ஓடினால் சோறு பிசையவே மனசு வராது. ஆசிட் நெடி மூக்கில் ஏறினால் இறங்காது, வீட்டில் குழம்பு தாளித்தாலும் அந்த நெடிதான் வரும்.

என் பெயர் ராமாயி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று பட்டறையில் பேச்சு. இருந்துட்டுப் போகட்டும். வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்.

எங்கள் மிஷின்களுக்குச் சூடு வேண்டும். கொல்லையில் இருக்கிற பாய்லரிலிருந்து ஸ்டீம் லைன் வரும். சாக்கும் சாந்தும் சுற்றின பெரிய இரும்புக் குழாய், எங்கள் தலைக்கு மேலேயே ஓடி, நடுப் பட்டறையில் ஒரு வளைவு வளைந்து, மிஷின் மிஷினாகப் பிரியும். ராத்திரி பாய்லரை அணைத்துவிட்டால் குழாய் ஆறி, உள்ளே இருக்கிற ஸ்டீம் தண்ணீராகிக் கிடக்கும். காலையில் அந்தத் தண்ணீரை அடியில் இருக்கிற சின்ன வால்வு வழியாக வடிய விட்டுவிட்டுத்தான் பெரிய வால்வைத் திறக்க வேண்டும். வடிக்காமல் திறந்தால், பின்னால் வருகிற ஸ்டீம் அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய் வளைவில் அறையும். இது பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். மொதலாளிக்கும் தெரியும்.

பெரிய வால்வைத் திறக்கிற வேலை காசிமாயனுடையது. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. திறக்கும் முன் ஸ்பேனரால் குழாயில் மூன்று தட்டுத் தட்டுவார். டங், டங், டங். அதோடு ‘ஒதுங்கூ’ என்று ஒரு இழுப்பு. மிஷின் இரைச்சலில் குரல் கேட்காது, ஆனால் இரும்பில் தட்டினால் பட்டறையின் கடைசி மூலை வரைக்கும் கேட்கும். நாங்கள் குழாய்க்கு அடியிலிருந்து தள்ளிப் போய், கையில் என்ன இருக்கிறதோ, கத்தரியோ வாளியோ, அதால் பக்கத்துக் கம்பத்தில் மூன்று தட்டுத் திருப்பித் தட்டுவோம். ஒதுங்கிவிட்டோம் என்று அர்த்தம். எல்லாத் தட்டும் வந்த பிறகுதான் அவர் வால்வில் கை வைப்பார். வேலைக்கு வந்த பீகார்ப் பையன்கள் தமிழ் கற்றுக்கொள்ளும் முன்னால் அந்தத் தட்டைத்தான் கற்றுக்கொண்டார்கள்.

சின்ன வால்வு தேய்ந்து ஸ்டீம் கசிந்தபோது, மாற்றித் தரச் சொல்லி அவர் மொதலாளியிடம் கேட்டார். மொதலாளி தண்டாயுதபாணி நல்ல வார்த்தை பேசுகிற மனிதர். நெற்றியில் விபூதி, வருசா வருசம் பழனிக்குக் காவடி. யாரையும் ‘ங்க’ போடாமல் பேசமாட்டார். ‘மாத்தீர்லாமுங்க, காசிமாயன்’ என்றார். மறுநாள் வெல்டிங்காரனைக் கூட்டிவந்து அந்த ஓட்டையையே அடைத்துவிட்டார். கசிந்தால் விறகு வீணாகிறதாம். குழாயே பழைய இரும்புக் கடையில் எடுத்தது. அதில் தண்ணீர் வடிய வழியும் போச்சு.

பிறகு ஒரு காலையில் ஷிப்மெண்ட் அவசரம், வால்வை மெதுவாகத் திறக்க நேரமில்லை. காசிமாயன் தட்டினார், நாங்கள் திருப்பித் தட்டினோம், எல்லாரும் ஒதுங்கினோம். ஆனால் வால்வைத் திறக்கிறவன் எங்கே ஒதுங்குவான்? வளைவுக்கு அடியில்தானே வால்வு. குழாய் பிளந்த சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. வெள்ளையாகப் புகை மாதிரி பட்டறை முழுக்க நிறைந்தது, அதற்குள்ளிருந்து அவர் ஒரே ஒரு தடவை கத்தினார். அதை நான் இங்கே எழுதிக் காட்ட மாட்டேன். காதில் இருக்கிறது, இருக்கட்டும்.

கேஸ் நடந்தது. நானும் காசிமாயன் சம்சாரம் ஒச்சம்மாவும் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். மொதலாளி உள்ளே போனார், குற்றத்தை ஒப்புக்கொண்டார், அபராதம் கட்டினார், வெளியே வந்தார். நான் வாங்கிய டீ அப்போதும் சூடாகவே இருந்தது. பாய்லருக்கு ஒரு லாரி விறகு இறக்குகிற காசுதான் அபராதம். சட்டத்தில் அவ்வளவுதான் இடமாம். ஒச்சம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள், “முடிஞ்சிருச்சாக்கா? அம்புட்டுத்தானா?” நான் டீ கிளாஸை அவள் கையில் வைத்தேன்.

பிளந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேறொரு பழைய துண்டை ஒட்டவைத்துப் பட்டறையை ஓட்ட ஆரம்பித்தார்கள். அடைத்த ஓட்டையை யாரும் திறக்கவில்லை. பல்லடத்திலிருந்து குருசாமி என்று ஒருத்தர் வால்வுக்கு வந்தார். தட்டுகிற வழக்கம் இனி வேண்டாம், அபசகுனம் என்று சூப்பர்வைசர் உத்தரவு போட்டார். குருசாமி தட்டாமலே திறந்தார்.

ஆனால் தட்டுக் கேட்டது. டங், டங், டங். குழாய்க்கு உள்ளேயிருந்து, அந்த வளைவிலிருந்து.

என் கையில் இருந்த துணி அப்படியே நழுவித் தொட்டிக்குள் போய்விட்டது. பீகார்ப் பையன் ஒருத்தன், பழக்கத்தில், வாளியால் கம்பத்தில் மூன்று தட்டுத் திருப்பித் தட்டிவிட்டு, என்ன செய்தோம் என்று தெரிந்து அழுதுவிட்டான்.

அதிலிருந்து தினமும். வெளிச்சம் வர வர, ஸ்டீம் வர வர, காசிமாயன் தட்டுவார். ‘குழாய்க்குள்ள தண்ணி அடிக்குதுங்க, வேறொண்ணுமில்லீங்க’ என்று குருசாமி சொல்வார். வீட்டில் குக்கர் விசில் வந்தாலும் எனக்குத் திக்கென்றது. சோமனூரில் என் தங்கச்சி வீட்டுக்குப் போனேன், அங்கே தறிச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்கு அந்த மூன்று தட்டுதான் கேட்டது. பயம் என்றால் பயம், பொய் சொல்வானேன்.

பயம் வந்தால் நம்ம ஆட்கள் என்ன செய்வார்கள்? கும்பிடுவார்கள். யாரோ முதலில் வளைவுக்கு அடியில் ஒரு டீ கிளாஸ் வைத்தார்கள். மறுநாள் பீடிக்கட்டு. அப்புறம் சூடம். பீகார்ப் பையன்கள் ஊதுபத்தி கொளுத்தினார்கள். வெந்து, தாகத்தோடு போன மனிதர் என்று நானும் ஒரு நாள் இளநீர் சீவி வைத்தேன். குருசாமி வால்வைத் திறக்கும்போது நாங்கள் எல்லாரும் வளைவுக்கு நேர் கீழே கைகூப்பி நிற்போம். தட்டுக் கேட்கும். சாமி, சாமி, எங்களை ஒண்ணும் பண்ணிராதீங்க என்போம். கேட்டு முடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவோம்.

இந்தச் சமயத்தில்தான் சங்கத்துச் செங்கோட்டையன் சாயங்காலம் தோறும் கேட்டில் வந்து நிற்பார். சைக்கிளில் சிவப்புக் கொடி. அவருடைய தமிழ் மேடைத் தமிழ். ஒரு நாள், “தோழர்களே, ஆவிக் குழாய் பாதுகாப்பை மீறும் முதலாளிக்குத் தண்டனையை உயர்த்தச் சட்டத் திருத்தம் வேண்டும்” என்று ஆரம்பித்தாரோ இல்லையோ, பாதிப் பேர் ஓடிவிட்டார்கள்.

“ஏனுங்க, ஸ்டீமுன்னு சொல்லித் தொலைங்க. இங்க ஆவின்னா ஒரே அர்த்தந்தான்” என்றேன்.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் விடவில்லை. “தண்டனைய ஏத்துனா செத்தவரு வந்துருவாருங்களா?”

“வர மாட்டாருங்க. அடுத்தவர் போகாம இருப்பாருங்க.”

பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று நினைத்துக்கொண்டு நான் பஸ் ஏறிவிட்டேன்.

பயத்தில் ஒவ்வொருத்தராக வேலையிலிருந்து நின்றுகொண்டார்கள். மிஷின்கள் சும்மா கிடந்தன. பனியன் வாங்குகிற பையர் போனில் கத்தினான் போலிருக்கிறது, மொதலாளியே பட்டறைக்குள் வந்தார். வந்தவர் குழாயை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. கீழே இருந்த டீ கிளாஸையும் பீடியையும்தான் பார்த்தார். அவர் முகம் தெளிந்ததை நான் கவனித்தேன்.

“அட, இதை முன்னாலயே சொல்லியிருக்கலாமில்லீங்களா? அமாவாசைக்கு ஒரு பூசை போட்டுத் தாட்டி உட்டர்லாமுங்க. கெடா என்ற செலவு, நானே வாங்கித் தர்றனுங்க” என்றார்.

எங்கள் ஊரில் தாட்டி விடுவது என்றால் அனுப்பி வைப்பது. விருந்தாளியையும் தாட்டி விடுவோம், பேயையும் தாட்டி விடுவோம். கூடியிருந்தவர்களுக்கு நிம்மதி. எனக்கும்தான்.

ஒரு இடைஞ்சல் இருந்தது. மொதலாளி கூட்டிவந்த பூசாரி, கட்டினவள் வாயால் ‘போ’ என்று சொன்னால்தான் அவர் போவார் என்றான். ‘போயிட்டு வா’ என்று சொல்லக் கூடாது, வந்துவிடுவார். ‘போ’ என்று ஒத்தை வார்த்தை. நம்மில் எவள் புருசனை அப்படிச் சொல்வாள்? கடைக்குப் போகிறவரைக்கூடப் போயிட்டு வாங்க என்றுதானே சொல்வோம்.

ஒச்சம்மா மொதலாளியின் லைன் வீட்டில் இருந்தாள். அடுத்தடுத்து ஒற்றை அறைகள், காசிமாயனுக்கு வேலையோடு கொடுத்தது. மொதலாளி வாசலில் நின்று பேசினார். நான் உள்ளே அவளோடு இருந்தேன்.

“உங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டேனுங்க. வந்து அந்த ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, நீங்க பாட்டுக்கு இந்த ஊட்டுலயே இருந்துக்கலாமுங்க.”

“சொல்லலேன்னா?” என்றாள் ஒச்சம்மா.

“புது ஆளுக்கு ஊடு வேணுமில்லீங்களா?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவர் போன பிறகு அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். காசிமாயனின் ஸ்பேனர் அவள் மடியில் இருந்தது. சாமான்களோடு சாமானாகப் பட்டறையில் கொடுத்துவிட்டது அது. நான், “சொல்லிரு கண்ணு. அவருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி” என்றேன். அவள் சேலைத் தலைப்பால் ஸ்பேனரைத் துடைத்தாள்.

அமாவாசை விடிந்தது. வளைவுக்கு அடியில் கோலம் போட்டு வாழையிலை விரித்திருந்தார்கள். பெரிய பெரிய பித்தளைத் தட்டுகள் மூன்று. ஒன்றில் பழம், ஒன்றில் புதுவேட்டி, ஒன்றில் சூடம். கறுப்புக் கெடா ஒன்று தள்ளுவண்டியில் கட்டியிருந்தது. அது பாட்டுக்கு எங்கள் ஷிப்மெண்ட் துணியை மென்றுகொண்டிருந்தது. வேலையை விட்டு நின்றவர்கள் எல்லாரும் திரும்பி வந்திருந்தார்கள். கூட்டம் முழுக்க அந்தச் சின்ன இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு, குழாய்க்கு நேர் கீழே. மொதலாளி மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு ஆபீஸ் வாசப்படியோரம் நின்றார்.

ஒச்சம்மா அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பட்டறைக்குள் வந்தாள். மேலே அண்ணாந்து குழாயைப் பார்த்தாள். கீழே நின்ற எங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் கையில் சேலைத் தலைப்பில் சுற்றி அந்த ஸ்பேனர்.

பூசாரி கண்காட்டினான். குருசாமி வால்வைத் திருகினார். டங். டங். டங்.

நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். “சொல்லம்மா, சொல்லு” என்றான் பூசாரி.

அவள் வாய் திறந்தது. வந்த குரல் அவளுடையதா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

“ஒதுங்கூ!”

உடம்புக்கு ஒரு புத்தி இருக்கிறது பாருங்கள். யோசிக்கவே இல்லை, அத்தனை பேரும் தெறித்து விலகினோம். இலை மிதிபட்டது. தட்டுகள் உருண்டன. பூசாரி கெடாவின் மேல் விழுந்தான். ஒரு நொடியில் வளைவுக்கு அடியில் ஒரு ஈ காக்கை இல்லை.

“பயித்தியமா உங்களுக்கு?” என்று கத்தினாள் ஒச்சம்மா. கண்ணீர் கொட்டியது, குரல் மட்டும் உடையவில்லை. “அந்த மனுசன் எம்புட்டு வருசமா தட்டுனாரு? எதுக்குத் தட்டுனாரு? ஒதுங்குங்கன்னுதானே! செத்தும் தட்டுறாரே, இன்னும் ஒதுங்கலையான்னு தட்டுறாரே! நீங்க கிட்டப் போயி, நேரா அதுக்குக் கீழயே நின்னு கும்புடுறீங்க! பேயின்னு சொல்றீங்க! அவரா பேயி?”

நான் வைத்த இளநீர் கண்முன்னால் வந்தது. தினமும் அவர் சொல்லிச் சொல்லி, தினமும் நாங்கள் கேட்டுக் கேட்டு, ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லையே. தண்ணீர் அடிக்கிறதா அவர் அடிக்கிறாரா, எனக்குத் தெரியாது. எது அடித்தாலும் சொல்வது ஒன்றுதான்.

குருசாமி வால்வை மூடிவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்து நின்றார்.

மொதலாளி சிரித்தார். “பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலை. சும்மா பயப்படறீங்க. வேலையைப் பாருங்க.”

“காசிமாயன் சாகறதுக்கு மொத நாள் வரைக்கும் ஒண்ணும் ஆகலீங்க” என்றேன். வாய் நீளம் என்றேனே. “லைனை மாத்துங்க. அடைச்ச வால்வைத் தொறங்க. அப்பறமேட்டுக்கு வேலை பாக்கறோம்.”

“லைன் மாத்தறதுன்னா சும்மாங்களா, ராமாயி? மாசக்கணக்குல பட்டறை நிக்கும். அந்தச் செலவுக்கு…” நிறுத்திக்கொண்டார்.

“அந்தச் செலவுக்கு?”

குருசாமிதான் மெதுவாகச் சொன்னார், “அபராதம் கட்டறது லாபமுங்க.”

மொதலாளியின் முகம் சுருங்கிவிட்டது. “நான் என்ன கொலைகாரனுங்களா? சட்டம் என்ன சொல்லுச்சோ அதைக் கட்டிட்டேன். அதுக்கு மேல கட்டச் சொல்லியிருந்தா மேல கட்டியிருப்பேன்.”

“அதேதானுங்க!” என்றேன். எனக்கே அப்போதுதான் உறைத்தது, செங்கோட்டையன் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினது எதற்கென்று. “மேல கட்டோணும், ஜெயிலுக்குப் போகோணும்னு சட்டம் சொல்லியிருந்தா, நீங்க அந்த ஓட்டையை அடைச்சிருக்க மாட்டீங்க. அவரும் செத்திருக்க மாட்டாரு. லாரி விறகு வெலையில ஒரு மனுசனைக் குடுத்தா, வாங்கறதுக்கு உங்களுக்கு வலிக்குமாங்க?”

“கண்ணு, நீங்க யாரோ சொல்லிக் குடுத்ததைப் பேசறீங்க.”

“ஆமாங்க. அவருதான் சொல்லிக் குடுத்தாரு” என்று மேலே வளைவைக் காட்டினேன்.

ஒச்சம்மா மொதலாளிக்கு முன்னால் போய் நின்றாள். “வீட்டுச் சாவியச் சாயங்காலம் குடுத்துர்றேன். ஆனா அவரைப் போன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன். நீங்க இதை மாத்துற வரைக்கும் அவரு தட்டட்டும்.”

அவள் வெளியே நடந்தாள். நான் பின்னால் போனேன். திரும்பிப் பார்த்தால் பட்டறையே பின்னால் வந்தது. பீகார்ப் பையன் ஒருத்தன் கெடாவை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வந்தான். அந்த அமாவாசையில் அதுவும் பிழைத்தது. பூசாரி அதைத் தேடிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். செங்கோட்டையன் சைக்கிளைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போவது, அங்கிருந்து சென்னைக்கும் டெல்லிக்கும் எழுதுவது என்று முடிவானது. அபராதம் எப்போதும் குழாயின் விலையைவிடக் கூட இருக்க வேண்டும், உயிர் போனால் மொதலாளி சிறைக்குப் போக வேண்டும், இதுதான் கோரிக்கை. “ஒரே நாள்ல நடக்காதுங்க. வருசமும் ஆகலாம்” என்றார் அவர். அந்த மனிதர் அதை மறைக்காதது எனக்குப் பிடித்தது. யானைப் பசிக்கு இது சோளப்பொரிதான் என்று ஒருத்தர் முனகினார். “சோளப்பொரியும் வேண்டாம்னு சும்மா இருந்தமே, அதான் இப்படி” என்று இன்னொருத்தர் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலமே ஒச்சம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டாள். ஒரு பாய் விரிக்கிற இடத்தில் இரண்டு பாய். தூங்கும்போது முட்டிக்கொண்டோம். ஏக்கா, அவரு தனியா இருப்பாரே அங்க, என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அதே நினைப்புத்தான்.

மறுநாள் விடிய நாங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றோம். புதிதாக நாலு ஆட்களை வேனில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். தெற்கத்திச் சனங்கள், பையும் கையுமாக, ஒன்றும் தெரியாமல் முழித்தார்கள். ஸ்டீம் லைனின் ஒரு கிளை பட்டறைச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டு ரோட்டோரமாக ஓடும். ஒச்சம்மா அதன் பக்கத்தில் போனாள். சேலைத் தலைப்பை அவிழ்த்து ஸ்பேனரை எடுத்தாள்.

டங். டங். டங்.

“ஒதுங்கூ” என்றாள். இந்த முறை அவள் குரல்தான்.

நாங்கள் கையில் கிடைத்ததை எடுத்தோம். டிபன் பாக்ஸ், சாவிக்கொத்து, செங்கோட்டையனின் கொடிக்கம்பு. கேட்டில், கம்பத்தில், விளக்குத் தூணில் மூன்று தட்டுத் தட்டினோம். பிறகு, சுவரை ஒட்டியிருக்கிற அடுத்த பட்டறைக்குள்ளிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள். அதற்கும் அடுத்ததிலிருந்து. ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து, மெலிசாக, இன்னொன்று. காசிமாயன் எங்கெங்கே வேலை பார்த்தாரோ, யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாரோ, எனக்குத் தெரியாது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் பயமாக இல்லை.

வேனில் வந்தவர்களில் வயசாளி ஒருத்தர் எங்களிடம் வந்தார். “என்ன தாயி இது, எதுக்குத் தட்டுறீங்க?” என்று கேட்டார்.

ஒச்சம்மா அவருக்கு உட்கார இடம் கொடுத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். சூரியன் பாய்லர் புகைபோக்கிக்கு மேலே வந்துவிட்டது. புகைபோக்கியில் புகை இல்லை. அன்றைக்கு அந்த வால்வை யாரும் திறக்கவில்லை.